சதுரங்கப் பலகையும் சீட்டுக்கட்டும்: கண்டாவளைக் குறிப்புகள்

கோட்டமட்டச் சதுரங்கப் போட்டி நடக்கும் நாட்களில் மண்டபத்துக்கு வெளியே நிற்கிற சனத்தைக் கவனிப்பது எனக்குப் பிடிக்கும். வேப்பமர நிழலில் அம்மாமார். சிலரிடம் சாப்பாட்டுப் பெட்டி, சிலரிடம் கைக்குழந்தை. முரசுமோட்டையிலிருந்து வந்தவரும் தருமபுரத்திலிருந்து வந்தவரும் முன்பின் தெரியாதவர்கள். முதற் சுற்று முடிய முன்னமே, எந்த ரியூசன், பெரியவன் என்ன படிக்கிறான், சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் எவ்வளவு ஏக்கருக்கு வரும் என்று கதை தொடங்கிவிடும். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குதிரை எப்படிப் பாயும் என்று தெரியாது. கதவைத் திறந்துகொண்டு பிள்ளை வெளியே வருகிற நடையைப் பார்த்தே வெற்றியா தோல்வியா என்று சொல்லிவிடுவார்கள்.

உள்ளே சத்தமில்லை. பேச்சு விலக்கு. கைத்தொலைபேசி வாசலிலேயே பறிபோய்விடும். தொட்ட காயை நகர்த்தத்தான் வேண்டும். இவ்வளவு கடுமையான ஓர் அறையைச் சுற்றி இவ்வளவு கலகலப்பான ஒரு முற்றம் உருவாகிறது.

போக்கர் போட்டிகளை ஒளிபரப்பில் பார்க்கும்போது இது நேர்மாறாகத் தெரிகிறது. மேசையில் ஒன்பது பேர் இருந்து ஓயாமல் கதைக்கிறார்கள். கதையும் ஆட்டத்தின் ஒரு பகுதி. எதிராளியின் வாயைக் கிண்டினால் கையில் என்ன சீட்டு என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும். வேலிக்கு அப்பால் நிற்கிற கூட்டாளிகள் ஆர்ப்பரிப்பார்கள். அவர்களில் பலர் அந்த ஆட்டக்காரனின் நுழைவுப் பணத்தில் பங்கு வாங்கியவர்கள். அவன் வென்றால் இவர்களுக்கும் வீதம் உண்டு. 2024-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் போக்கர் உலகத் தொடரின் இறுதி மேசையில் வென்ற ஜொனதன் தமாயோ, ஆட்டத்துக்கு இடையிடையே வேலியோரம் போய், மடிக்கணினியோடு நின்ற கூட்டாளிகளிடம் ஆலோசனை கேட்டார். பெரிய சர்ச்சையானது. எங்கள் கோட்டமட்டப் போட்டியில் ஒரு தகப்பன் யன்னலோரம் நின்று கண் காட்டினாலே நடுவர் எழுந்து வந்துவிடுவார்.

*

சுவிஸ் முறை என்று ஒன்று சதுரங்கத்தில் இருக்கிறது. வென்றவனுக்கு அடுத்த சுற்றில் வென்றவன், தோற்றவனுக்குத் தோற்றவன். யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஏழு சுற்று என்றால் கடைசி இடத்தில் நிற்கும் பிள்ளையும் ஏழு ஆட்டம் ஆடித்தான் போகும். அநேகமாக ஐந்தாம், ஆறாம் சுற்றில் தன்னைப் போலவே தடுமாறுகிற இன்னொரு பிள்ளையைச் சந்திக்கும். அந்த ஆட்டத்தை வெல்லும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். முதலாம் இடக்காரனுக்குக் கூட அந்த மகிழ்ச்சி வராது.

போக்கர் போட்டியில் வில்லைகள் தீர்ந்தால் கதிரையை விட்டு எழும்ப வேண்டியதுதான். அந்த உலகத் தொடரின் 2024 பிரதான போட்டியில் 10,112 பேர் தலைக்குப் பத்தாயிரம் டொலர் கட்டிச் சேர்ந்தார்கள். 1,517 பேருக்குப் பணம் கிடைத்தது. மிச்சம் எட்டாயிரத்துச் சொச்சம் பேர் கட்டியதை விட்டுவிட்டு எழுந்து போனார்கள். எழுந்தவனின் கதிரைக்கு வேறு மேசையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து இருத்துவார்கள். மேசை குறையாமல் இருக்க வேண்டும். ஆட்கள் குறைந்துகொண்டே போகலாம்.

தோற்றவனை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு உலகங்களும் பிரிகின்றன என்று நினைக்கிறேன். மூளை, பொறுமை, கணக்கு எல்லாம் இரண்டுக்கும் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

*

ஒரு மாகாணமட்டப் போட்டியில் கண்டது. பதினாறு வயதுப் பெடியன், பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தியிடம் தோற்றான். இரண்டு பேரும் கை கொடுத்து, எழுதிய தாள்களில் ஒப்பமிட்டு, வெளி விறாந்தைக்கு வந்து, சீமெந்துக் கட்டில் ஒரு துணிப் பலகையை விரித்தார்கள். தாளைப் பார்த்துப் பார்த்து ஆட்டத்தைத் திரும்ப அடுக்கினார்கள். அவள், “அண்ணா, இதிலை நீங்கள் ராணியை மாத்தியிருந்தா எனக்குக் கஷ்டம்” என்றாள். அவன் காயைத் திருப்பி வைத்துப் பார்த்து, “இல்லை தங்கச்சி, பிறகு இந்தக் காலாள் போயிடும்” என்றான். அவள் யோசித்துவிட்டு, “அப்ப குதிரை?” என்றாள். அடுத்த சுற்றுக்குப் பெயர் கூப்பிடும்வரை இருந்தார்கள். சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு சேரும் குந்தியிருந்தார்.

இதைச் சதுரங்க உலகம் எல்லா மட்டத்திலும் செய்கிறது. உலகச் சாம்பியன்கள்கூட ஆட்டம் முடிந்த கையோடு எதிராளியோடு பேசி ஆராய்வார்கள். வென்றவன் தோற்றவனுக்கு இலவசமாகப் பாடம் எடுக்கிறான். அடுத்த முறை அந்தப் பாடம் தனக்கு எதிராகவே வரலாம் என்று தெரிந்துதான் எடுக்கிறான்.

போக்கரில் இதற்கு இடமில்லை. கடைசிவரை யாரும் சவால் விடாவிட்டால் கையிலிருந்த சீட்டைக் காட்டத் தேவையில்லை, கவிழ்த்தே தள்ளிவிடலாம். என்ன வைத்திருந்தாய் என்று எதிராளி வீடு போகும்வரை யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். பலவீனமான ஆட்டக்காரனை அங்கே மீன் என்பார்கள். மீன்தொட்டிக் கண்ணாடியைத் தட்டாதே என்பது அவர்களுக்குள் வழங்கும் புத்திமதி. அதாவது, அவன் விடுகிற பிழையை அவனுக்குச் சொல்லிவிடாதே. திருந்திவிடுவான் அல்லது எழும்பிப் போய்விடுவான். சிரித்துப் பேசு, நன்றாக ஆடினாய் என்று சொல், அவன் மேசையிலேயே இருக்கட்டும். அந்தப் பட்சம் எனக்குப் பயமாக இருக்கிறது.

போக்கர்காரர்கள் தங்களுக்குள் பாடம் படிப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. நன்றாகவே படிக்கிறார்கள், குழுவாக, கணினி வைத்து. ஆனால் மேசையில் எதிரே இருக்கிறவன் அந்தக் குழுவில் இல்லை.

*

சீட்டாட்டம் என்றாலே சூது என்று எழுதினால் எங்கள் ஊர்ச் சனம் என்னை விடாது. 304 இருக்கிறதே.

முப்பத்திரண்டு சீட்டு. ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஆசுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து, ராசாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு எழுபத்தாறு, நாலினத்துக்கும் 304. ராசாவைவிடப் பத்து மடங்கு பெறுமதியான ஜாக்கை எந்தக் குடியானவன் கண்டுபிடித்தானோ, அவனை எனக்குப் பிடிக்கும். முதல் நாலு சீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். கேள்வி எடுத்தவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். கேட்ட இனம் கையில் இல்லாதவர் வெட்ட நினைத்தால் சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். அதைத் தூக்கிப் பார்க்கிற உரிமை கேள்வி எடுத்தவருக்கு மட்டும்தான். துரும்பா இல்லையா என்று அவர் சொல்வதை மற்ற மூன்று பேரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவருடைய வாய்ச்சொல்லில் ஆட்டம் நடக்கிறது. ஊரில் பேர் கெட்டவனைச் சேர்த்துக்கொண்டு 304 ஆட முடியாது.

செத்தவீட்டில் இரவு முழுக்க விழித்திருக்க இந்த ஆட்டம்தான் துணை. கலியாண வீட்டில் முதல்நாள் இரவும் அப்படித்தான். புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்கு வெளியூரிலிருந்து வந்து தங்குகிற உறவுக்காரரை நாலு பேராக இருத்திவிட்டால் வீட்டுக்காரருக்கு ஒரு கவலை குறைவு. செட்டிகுளம் முகாம்களில் தறப்பாள் நிழலில் இதை ஆடினார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கண்டாவளைப் பக்கத்துக் குடும்பங்கள் பாடசாலைகளில் தங்கியிருந்தபோதும் ஆடினார்கள். கையில் காசே இல்லாத நாட்களில் ஆடிய ஆட்டத்தைச் சூது என்று எப்படிச் சொல்வது? தோற்ற சோடி எழும்பும், அடுத்த சோடி குந்தும். அவ்வளவுதான் தண்டனை.

சண்டை வராமல் இல்லை.

“ஒன்பதை ஏன் அண்ணை அப்பவே இறக்கேல்லை?”

“நீ துரும்பைத் திறந்திருந்தா நான் இறக்கியிருப்பன்.”

“எனக்கென்ன சாத்திரமே தெரியும், உங்கட கையிலை ஒன்பது இருக்கெண்டு?”

பிளேன்ரீ வரும். அடுத்த கை பிரிபடும். சோடியாக ஆடுவதால் தோல்வியும் இரண்டு பேருக்குப் பங்கு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவர் சங்கங்கள் 304 சுற்றுப்போட்டி வைக்கின்றன. கட்டணம் வாங்கினாலும் அது பாடசாலைக்குக் கட்டடம், மேசை, கதிரையாக வந்து சேர்கிறது. முப்பது வருடம் காணாத வகுப்புத் தோழனை எதிரே இருத்தி, பழைய பட்டப்பெயர் சொல்லிக் கேள்வி கேட்பதற்காகத்தான் அந்தக் கூட்டம் கூடுகிறது.

304-இல் எனக்கு ஒரேயொரு குறை. எங்கள் ஊரில் அது ஆம்பிளைகளின் வட்டம். பெண்கள் வீட்டுக்குள்ளே ஆடுவார்கள். செத்தவீட்டுப் பந்தலில் குந்தமாட்டார்கள். அந்த விறாந்தையில் பெடியனுக்கு எதிரே இருந்து “அப்ப குதிரை?” என்று கேட்ட பிள்ளைக்கு, வயதிலும் உயரத்திலும் கூடிய ஒருவனோடு சரிக்குச் சரியாகப் பேச ஊரில் வேறு எந்த மேசை இருக்கிறது? சென்னையில் வைஷாலி என்ற பிள்ளையை, ரீவி பார்ப்பது குறையட்டும் என்றுதான் பெற்றோர் சதுரங்கத்துக்கு அனுப்பினார்கள். அவளைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தா பழகினான். 2023 டிசம்பரில் அவள் 2500 புள்ளியைத் தாண்டியபோது, உலகத்தில் முதன்முதலாக அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர்கள் ஆனார்கள். ஆனந்துக்கும் ஆட்டம் சொல்லிக்கொடுத்தது தாய் சுசீலாதான்.

*

பேரேடுகளைப் பற்றி. சதுரங்கத்தில் தரப்புள்ளி ஏறினாலும் இறங்கினாலும் சர்வதேச சம்மேளனத்தின் பட்டியலில் எழுதப்படும். பாரிஸில் 1924-இல் தொடங்கிய சம்மேளனம். அதன் பட்டியலில் பரந்தன் பிள்ளையும் முன்னாள் உலகச் சாம்பியன் கார்ல்சனும் ஒரே அளவுகோலில் நிற்கிறார்கள். தோற்றதை மறைக்க வழியில்லை. போக்கருக்கும் ஹெண்டன் மொப் என்று ஒரு பெரிய தரவுத்தளம் இருக்கிறது. அதில் யார் எந்தப் போட்டியில் எவ்வளவு வென்றார் என்று வரிசையாக இருக்கும். எத்தனை போட்டிக்குக் கட்டிவிட்டு வெறுங்கையோடு போனார் என்பது அதில் இல்லை. இலட்சக்கணக்கில் வென்றவர் என்று பெயரெடுத்தவர் உள்ளுக்குக் கடன்காரனாக இருக்கலாம். அந்தப் பட்டியலைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. இளம்பெடியளுக்கு இந்தப் பட்டியல்தான் கண்ணில் படுகிறது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் சின்னத் தொகை கட்டி இணையத்தில் உலகத் தொடரின் பிரதான போட்டிக்குத் தகுதி பெற்று, 839 பேர் ஆடியதில் முதலாவதாக வந்து 25 இலட்சம் டொலர் வென்றார். மூன்றே வருடத்தில் அந்தப் போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள். ஒருவர் வென்ற கதை உலகத்தைச் சுற்றியது. தோற்றவர்களின் கதையை எழுத எந்தப் பேரேடும் இல்லை.

*

சதுரங்கத்தைக் கோயிலாக்கக் கூடாது. குராசாவில் 1962-இல் நடந்த உலகச் சாம்பியன் பட்டத் தகுதிப் போட்டியில் பெற்றோசியன், கெரெஸ், கெல்லர் மூன்று பேரும் தங்களுக்குள் ஆடிய பன்னிரண்டு ஆட்டத்தையும் சமநிலையாக்கினார்கள். பேசிவைத்த ஆட்டம் என்று அதே போட்டியில் ஆடிய பிஷர் கத்தினார். அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. 2019-இல் இகோர்ஸ் ரௌசிஸ் என்ற கிராண்ட்மாஸ்டர் மலசலகூடத்துக்குள் கைத்தொலைபேசியோடு பிடிபட்டார். பெரிய இடத்துச் சங்கதி இவை. சின்ன இடத்தில் நான் கண்டது, தோற்று வந்த மகனுக்குச் சனத்துக்கு முன்னால் கை நீட்டிய ஒரு தகப்பன். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் போட்டிக்கு வரவில்லை.

காசும் இருக்கிறது. குகேஷ் 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனபோது எங்கள் ஊரிலும் கொண்டாடினோம். அவனோடு ஊர் ஊராகப் போவதற்காக, காது மூக்குத் தொண்டை வைத்தியரான தகப்பன் தன் தொழிலையே நிறுத்தினார். விதைப்புக்கும் வெட்டுக்கும் நடுவில் நிற்கிற தகப்பன் எதை நிறுத்துவது? தமிழ்நாட்டில் 1972-இலேயே மனுவேல் ஆரோன் போன்றவர்கள் சென்னையில் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடக்கினார்கள். ஆனந்த் அங்கே போய்த்தான் ஆடிப் பழகினார். பலமான ஆட்டக்காரர்கள் கூடுகிற அப்படியோர் அறையிலிருந்துதான் ஆனந்த் வந்தார். எங்களுக்கு அப்படி ஓர் அறை இல்லை. தேசியமட்டத்துக்கு ஒரு பிள்ளை தெரிவானால் பரந்தனில் இரவு பஸ் பிடித்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் கொழும்புக்குப் போக வேண்டும். கூட ஒரு பெரியவர். தங்க ஓர் உறவு வீடு. காலையில் நித்திரைக் கண்ணோடு முதற் சுற்று.

இந்தச் செலவும் வருமானமில்லாத நிலையும் நல்ல சதுரங்கக்காரர்கள் சிலரைப் போக்கருக்குத் தள்ளியிருக்கலாம். மாசாசூசெற்ஸ் மாநிலச் சாம்பியனாக இருந்த டான் ஹரிங்டன் 1995-இல் போக்கர் உலகத் தொடரை வென்றார். நியூயோர்க் பூங்காக்களில் சதுரங்கம் ஆடிப் பிழைத்த இலோன் சுவாட்ஸ் 2008-இல் நாலாம் இடத்துக்கு வந்தார். கார்ல்சனே 2022-இல் நோர்வேப் போக்கர் போட்டியில் 1,050 பேரில் 25-ஆவதாக வந்தார். அவருக்கு அது பொழுதுபோக்கு. ஹரிங்டனையும் சுவாட்ஸையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைப் பருவம் முழுவதையும் ஒரு கலைக்குக் கொடுத்தவனுக்கு அந்தக் கலை சோறு போடாவிட்டால் வேறெங்கே போவான்?

*

போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்று தமிழ்நாட்டில் வருடக்கணக்காக வழக்கு நடந்தது. இணைய ரம்மியில் காசைத் தொலைத்தவர்களின் தற்கொலைச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. நீதியரசர் சந்துரு தலைமையில் குழு வைத்தார்கள். 2022-இல் சட்டசபை நிறைவேற்றிய இணையச் சூதாட்டத் தடைச் சட்டமூலத்தை ஆளுநர் திருப்பியனுப்பினார், 2023-இல் திரும்ப நிறைவேற்றினார்கள். அந்த நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. அவை திறமை ஆட்டங்கள் என்று. 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடைசெய்தது. அதே மாதம்தான் கொழும்பில் புதிய பிரமாண்டமான கசினோ திறந்தது.

நீதிமன்றம் கேட்ட கேள்வி சட்டத்துக்கு அவசியம். ஊருக்கு அது போதாது. திறமை ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் திறமை குறைந்தவனின் காசு திறமை கூடியவனுக்குப் போவது நிச்சயம். நடுவில் நடத்துகிறவனுக்கு ஒரு பங்கும் நிச்சயம். நெல்லு விற்ற காசோடு இரவில் போனைத் திறக்கிற பெடியன் அந்த மேசையில் எந்த இடத்தில் இருப்பான்?

அதைவிட எனக்கு உறுத்துவது, போனில் ஆடுகிறவனுக்கு மேசையே இல்லை என்பது. லாஸ் வேகாஸில் தோற்றவனுக்குக் கூட வேலியோரம் ஒரு கூட்டாளி நிற்பான். இங்கே போர்வைக்குள் தோற்கிறான். தாய்க்குத் தெரியாது, தோழனுக்குத் தெரியாது. கைமாற்றுக் கேட்கிறபோதுதான் வீட்டுக்குத் தெரியவரும். அப்போது மோட்டார்சைக்கிள் அடகில் இருக்கும். நுண்கடனுக்குக் கிழமைக்குக் கிழமை கட்டிக் களைத்துப்போன வீடுகள் இவை. இன்னொரு கடனைத் தாங்க மாட்டா.

*

ஆட்களைத் திட்டிப் பயனில்லை. பெடியள் மாலையில் எங்கே போவது? பந்தடிக்கிறவனுக்கு மைதானம் இருக்கிறது. பந்தடிக்காதவனுக்குச் சந்தி மதகும் போனும்தான். சனசமூக நிலையங்கள் பல இடங்களில் பேப்பர் வந்தால் திறக்கும், வராவிட்டால் பூட்டிக் கிடக்கும்.

கண்டாவளையிலிருந்து போய்ப் பிறநாடுகளில் இருக்கிற உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். வெற்றிக்கேடயமும் பெயர் அச்சடித்த ரீசேட்டும் நிறைய வந்துவிட்டன, நன்றி. இனி அனுப்புகிறவர்கள் சதுரங்க மணிக்கூடு அனுப்புங்கள். அது இல்லாமல் பழகுகிற எங்கள் பிள்ளைகள் மாகாணமட்டத்தில் முதன்முதலாக அதைக் கண்டு நேரம் போய்த் தோற்கிறார்கள். தேசியமட்டத்துக்குத் தெரிவாகிற பிள்ளைக்கும் கூடப் போகிற தாய்க்கும் பஸ் காசும் இரண்டு இரவு தங்குமிடமும் கொடுங்கள். உங்கள் 304 போட்டியில் சேரும் காசில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று. முரசுமோட்டையோ ஊரியானோ தருமபுரமோ, உங்கள் சனசமூக நிலையத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கிழமையில் இரண்டு பின்னேரம் திறந்து, ஒரு பக்கம் இரண்டு சதுரங்கப் பலகையும் மறுபக்கம் ஒரு சீட்டுக்கட்டும் வையுங்கள். பெரியவர்கள் 304 ஆடட்டும், காசு வைக்காமல். பெண்பிள்ளைகள் வீடு போகும் நேரத்துக்கு மின்விளக்கு எரியட்டும். இந்த மாரி தொடங்க முன்னம் ஒரு நிலையத்திலாவது தொடங்கலாம். பலகை இல்லையென்றால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.